மெட்ராஸ் தூரம்

லண்டன் ஒன்றும் தூரமில்லை, மெட்ராஸ் தூரம்தான். இதைக் காசிமாயன் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆத்தாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. இன்றைக்கு அந்தக் கணக்கைச் சரிபார்க்க விமானத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார். போடியிலிருந்து மெட்ராஸுக்கு ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர், அரசாங்க பஸ்ஸில் பதினோரு மணி நேரம். சென்னையிலிருந்து லண்டனுக்கு எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், விமானத்தில் அதே பதினோரு மணி நேரம். எட்டாயிரம் கிலோமீட்டர்ணே, எட்டாயிரம் கிலோமீட்டர்ணே என்று அன்றைக்கு ஜெயக்கொடி போனில் மூச்சு வாங்கினானே, யாருக்கு வேண்டும் கிலோமீட்டர். கிலோமீட்டரெல்லாம் டிரைவருக்கும் டீசலுக்கும். முப்பத்து நான்கு வருஷம் போடி டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனிடம் வந்து கிலோமீட்டர் சொல்கிறான் கூடப்பிறந்த தம்பி. கிளம்பின மணி என்ன, வந்து சேர்ந்த மணி என்ன, அதைச் சொல். முன் சீட்டின் முதுகில் பதித்திருந்த சின்னத் திரையில் ஒரு வெள்ளை விமானம் நீலக் கடலுக்கு மேல் நகராமல் நின்றது. மிச்சம் ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர், மிச்சம் ஒன்பது மணி நாற்பது நிமிஷம். உயரம், வேகம், வெளியே குளிர் மைனஸ் ஐம்பத்து நாலு. ஐஸ் பெட்டியில் அவ்வளவெல்லாம் இல்லை. அதில் ஒரு திருகு இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்தில் வைத்தும் இரண்டாம் நாள் ஆத்தாவின் கன்னம் கறுக்கத் தொடங்கிவிட்டது. மைனஸ் ஐம்பத்து நாலில் வைத்திருந்தால் இந்தத் தம்பி ஆற அமர ஒரு வாரம் கழித்துக்கூட வந்திருக்கலாம், ராஜா மாதிரி.

பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், திருச்சிப் பக்கமாம், மகளின் பிரசவத்துக்குப் போகிறாளாம். வண்டி ஏறியதிலிருந்து மூன்றுதரம் கேட்டாகிவிட்டது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று. இங்கே சாயங்காலம் ஐந்தேகால், அங்கே முன்பகல் பதினொன்றே முக்கால் என்று காசிமாயன் சொன்னார். அதெப்படி, கிளம்பினது காலை ஆறரைக்கு, போய்ச் சேருவதும் மத்தியானத்துக்குள்ளா என்று அவள் வாயைப் பிளந்தாள். ஐந்தரை மணி நேரத்தை வழியில் தின்றுவிடுவார்கள் என்றார். அவள் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. நீங்க யாரைப் பார்க்கப் போறீங்க என்று கேட்டாள். தம்பி மகனுக்கு நாளைக்குக் கல்யாணம் என்று சொல்லும்போது கை தானாகச் சட்டையின் உள்பைக்குப் போனது. இருந்தது. மஞ்சள் துணியில் சுற்றிக் குங்குமச் சிமிழுக்குள் வைத்த தாலி. அவர்கள் வீட்டு வழக்கம் அது. ஊர் ஆசாரி பொன் உருக்கிச் செய்ததைக் குலசாமி காலடியில் ஒரு நாள் வைத்து எடுத்து, பங்காளிகளில் மூத்தவன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேறு தாலி கட்டினால் அது தாலியில்லை, கயிறு. நீ கொண்டாந்தாத்தான்ணே எம்மகன் கட்டுவான் என்று ஜெயக்கொடி சொல்லி, டிக்கெட் எடுத்து அனுப்பி, விசா முந்தாநாள்தான் கையில் கிடைத்து, எல்லாம் சாமி கூடி வந்து செய்தது மாதிரி நடந்தது. சனிக்கிழமை கல்யாணமாம். அங்கே சனி ஞாயிறுதான் லீவாம். பன்னிரண்டரைக்கு மேல் ஒன்றரைக்குள் முகூர்த்தம், ஒன்றரைக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதுவரைக்கும், இன்றைக்கு மத்தியானத்திலிருந்து நாளை ஒன்றரை வரைக்கும், காசிமாயன் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரப் போவதில்லை. ஒரு நாற்காலி போதும். பஸ் ஸ்டாண்டில் முப்பத்து நான்கு வருஷம் மர நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு நாள் பெரிதா. தம்பி போன் அடிப்பான். எங்கண்ணே இருக்க என்பான். வந்துக்கிட்டே இருக்கேன் என்று சொல்ல வேண்டும். மறுபடி அடிப்பான். வந்துக்கிட்டே இருக்கேன். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருப்பான், பொண்ணு வீட்டார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், ஐயர் எழுந்து கையை உதறுவார், ஜெயக்கொடி கோட்டும் சூட்டுமாக மண்டபத்து வாசலுக்கும் மணைக்கும் நடையாக நடப்பான். நடக்கட்டும். காத்திருப்பது என்றால் என்ன என்று அவனும் ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும். இந்த நினைப்பு நாக்கில் வெல்லம்போல இனித்தது. இரண்டு வருஷத்தில் வேறெதுவும் இப்படி இனிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை விடியற்காலம் ஐந்து மணிக்கு ஆத்தா போனாள். அப்போது லண்டனில் முந்தின ராத்திரி பதினொன்றரை. ஐந்தே காலுக்கு ஜெயக்கொடிக்குச் சொல்லியாகிவிட்டது. அங்கே மறுநாள் மத்தியானம் பன்னிரண்டுக்கு நேர் விமானம், அதில் ஏறினால் வெள்ளி விடியற்காலம் மூன்றரைக்கு மெட்ராஸ், அங்கிருந்து கார், பகல் ஒரு மணிக்கு வீட்டு வாசல். நான்கு மணிக்குத் தூக்கினால் பொழுதோடு காரியம் முடியும். காசிமாயன் பழைய டிரிப் ஷீட்டின் முதுகில் இதை எழுதி வைத்து ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினார். அப்பனுக்குத் தலைமகன், ஆத்தாளுக்குக் கடைக்குட்டி, கொள்ளி வைக்கும் முறை அது. கடைக்குட்டி லண்டனில் இருந்தால் பிணம் காத்திருக்க வேண்டியதுதான். நான் வராமத் தூக்கிறாதீங்கண்ணே, கிளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன் என்று அழுதானே. வியாழன் சாயங்காலம் போட்டால் வந்துக்கிட்டே இருக்கேன். வெள்ளி காலை போன் எடுக்கவில்லை, சரி, விமானத்தில் இருக்கிறான் போல. வெள்ளி பகல் ஒரு மணி. இரண்டு மணி. ஊரே வாசலில். பந்தலில் உட்கார்ந்திருந்த கிழவர்கள், என்ன மாயா, டயம் கீப்பரு வீட்டு எழவே லேட்டா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். சாயங்காலம் போன் எடுத்தான், டிக்கெட் கிடைக்கலண்ணே, இப்பத்தான் ஏறப்போறேன், வந்துக்கிட்டே இருக்கேன். அவன் வராமல் பிணத்தை எப்படி எடுப்பது. கரண்ட் போனது, ஜெனரேட்டர் வந்தது, பெட்டிக்கு மேல் கண்ணாடி வியர்த்தது, காசிமாயன் பெண்டாட்டி பவுனுத்தாய் தன் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தாள். மாமியார் பக்கத்தை விட்டு நகரவில்லை. பிரஷர் மாத்திரை போட்டாயா என்று ஒருதரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிப்போவில் லேட்டாக வரும் வண்டிக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு, பஞ்சர், லெவல் கிராஸிங், மழை, என்னமாவது எழுதித்தான் ஆக வேண்டும், வெறுமனே விட்டால் மெமோ. ஜெயக்கொடி அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டான். டிக்கெட் கிடைக்கவில்லை என்பது பொய் என்று பதினாறாம் நாள் அவன் பெண்டாட்டி வாயிலிருந்தே வந்தது. எண்ணெய்ச் சட்டியில் வடை திருப்பிக்கொண்டே சொன்னாள், வியாழக்கிழமை இவருக்கு ஆபீஸ்ல ஒரு முக்கியமான மீட்டிங், இவர் இல்லாம நடக்காது, அதான் ஒரு நாள் தள்ளி எடுத்தோம் என்று. ஒரு நாள். ஆத்தாவை ஒரு நாள் தள்ளி வைத்தான். அந்த ஒரு நாள்தான் வெள்ளியைச் சனியாக்கியது.

சிக்கனா வெஜ்ஜா என்று பணிப்பெண் குனிந்து கேட்டாள். காசிமாயனுக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. பக்கத்து அம்மாள் சிக்கன் வாங்கித் தகர மூடியைப் பிரித்தாள், மசாலா வாடை அவர் மூக்கில் ஏறியது. வெஜ் என்றார். இரண்டு வருஷமாகக் கோழி தின்பதில்லை. ஏன் என்று மகள் செல்வமீனா கேட்டதற்குச் சூடு என்று சொல்லி வைத்திருக்கிறார். சனிப் பிணம் தனிப் போகாது. போகிறது போகிறதென்று துணைக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகும், அதே வீட்டிலிருந்தோ அடுத்த வீட்டிலிருந்தோ. அதனால்தான் சனிக்கிழமை தூக்கினால் பாடையில் ஒரு கோழியைக் கட்டிவிடுவது, இதைத் துணையாக வைத்துக்கொள், வேறு யாரையும் தேடாதே என்று. பகல் ஒன்றேகாலுக்குக் காரிலிருந்து இறங்கினான் ஜெயக்கொடி, இரண்டரைக்குத் தூக்கினார்கள், அவசரத்தில் யாரோ கொண்டுவந்து கொடுத்த செவலைக் கோழியைக் காசிமாயன்தான் பாடையின் முன்கம்பில் சணலால் கட்டினார். கால் இரண்டும் மஞ்சளாக, மெலிசாக இருந்தன. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டினார். தெரு முக்கு வரைக்கும் தலைகீழாகக் கத்திக்கொண்டே வந்தது. வாய்க்கால் இறக்கத்தில் பாடை சாய்ந்தது, சணல் நழுவியது, கோழி பொத்தென்று விழுந்து எழுந்து, சிறகை ஒருதரம் உதறி, கரும்புக்குள் ஓடிவிட்டது. அவ்வளவுதான். அவசரத்தில் கட்டின கட்டு, அவிழ்ந்துபோனது. கொட்டு முழக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவிழ்ந்துபோனது, அவ்வளவுதான். ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தார், அது பஞ்சாக உப்பி அங்கேயே நின்றது.

மிச்சம் ஐந்தாயிரத்து நூறு கிலோமீட்டர். ஜன்னலில் வெயில் அப்படியே இருந்தது. ஏறும்போது அடித்த இளவெயில் ஒரு பக்கமும் சாயவில்லை, பொழுதைத் துரத்திக்கொண்டு போகிற வண்டியில் பொழுது எப்படிச் சாயும். காலை ஒன்பது மணியே நீண்டுகொண்டு கிடந்தது. பவுனுத்தாய் போனதும் காலை ஒன்பது மணிக்குத்தான். ஆத்தா போய் முப்பத்து மூன்றாம் நாள், குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றினவள் ஏற்றினபடியே சரிந்தாள். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், குடம் விழுந்த சத்தத்துக்கு என்னத்தடி போட்டு ஒடைக்கிற என்று தலையைத் தூக்காமல் கத்தினார். அதுதான் அவளிடம் கடைசியாகப் பேசியது. டாக்டர் ரத்த அழுத்தம் என்றார், மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார், மாத்திரையை விட்டுவிட்டாரா என்று கேட்டார். அந்த மூன்று நாள் விட்டதுதான், பிறகு அவள் சரியாக எடுக்கவே இல்லை. எல்லாம் அந்த மூன்று நாளிலிருந்து வந்தது. மூன்று நாள் எங்கிருந்து வந்தது, ஜெயக்கொடியின் மீட்டிங்கிலிருந்து வந்தது. கொலை கொலை என்கிறார்களே, கத்தியெடுத்துக் குத்தினால்தான் கொலையா, ஒரு விமானத்தை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினாலும் கொலைதான். மதினி போயிருச்சாண்ணே என்று அதற்கும் போனில் அழுதான். எட்டாயிரம் கிலோமீட்டர் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு ஓடி வந்தான், அடுத்த விமானத்திலேயே வந்தான், இருபத்து எட்டு மணி நேரத்தில் வாசலில் நின்றான். ஆக வர முடியும். முடியும் என்று நிரூபித்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவன் தோளைத் தொட வந்தபோது காசிமாயன் தள்ளிப் போனார். அந்த ஒரு நாளை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தது. தாலி உள்பையில் நெஞ்சை உறுத்தியது. நாளைக்கு ஒன்றரை. அவ்வளவுதான், ஒன்றரை வரைக்கும்.

அம்மாள் தூங்கிவிட்டாள், தலை இவர் தோள் பக்கமாகச் சரிந்தது. இவரும் கண்ணை மூடினார், மூடினதும் வாய்க்கால் வந்தது. மறுபடியும் வாய்க்கால். எங்கே தொடங்கினாலும் அந்த இறக்கத்தில் வந்துதான் நிற்கிறது. சணல் நழுவுகிறது, கோழி விழுகிறது. விழுந்த கோழி உடனே ஓடவில்லை. அதுதான் உண்மை, வேறு யாரிடமும் சொல்லாத உண்மை. ஒரு கணம் கையெட்டும் தூரத்தில் நின்றது, கழுத்தைச் சாய்த்து இவரைப் பார்த்தது. தோளில் பாடை, வலது கை சும்மாதான் இருந்தது. குனிந்து பிடித்திருக்கலாம். பிடிடா என்று பின்னால் வந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முன்னால் நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெயக்கொடி போய்க்கொண்டிருந்தான், மொட்டை அடித்த தலையும் லண்டன் வெளுப்பேறின முதுகுமாக. அந்த முதுகைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். போகட்டும் என்று நினைத்தார். துணை தேடட்டும், ஆத்தா யாரைத் தேடினாலும் காக்க வைத்தவனைத் தேடட்டும், அவன் வீட்டில் போய் விழட்டும். இப்படி வார்த்தை வார்த்தையாக நினைத்தார், அரைகுறையாக அல்ல. நினைத்து முடித்த பிறகுதான் கோழி ஓடியது. கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அனுப்பியது பத்தடி கூடப் போகவில்லை, திரும்பித் தன் வீட்டுக் குழாயடிக்கே வந்துவிட்டது. இல்லை, இல்லை, இதெல்லாம் மூட நம்பிக்கை, ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னார், ரத்த அழுத்தம்தான். அப்படியானால் அவள் சாவுக்குக் காரணம் மீட்டிங். கோழிதான் காரணம் என்றால் காரணம் யார்? இந்த இடத்தில் நினைப்பு முள்ளில் துணி மாட்டின மாதிரி மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். அதனால் இழுக்காமல் ஜெயக்கொடியிடமே திரும்பி வந்துவிடுவார். அவனை வெறுப்பது எளிது, பழகிவிட்டது. ஆனால் இன்றைக்கு ஒரு பயம் கூடவே ஏறி உட்கார்ந்திருந்தது. நாளைக்கு அவன் மகன் கல்யாணத்தின் மேல் எறியப் போவது எங்கே போய் விழும்? செல்வமீனாவுக்கு ஏழாம் மாதம். ஏர்போர்ட்டுக்கு வந்து பைக்கு மஞ்சள் நைலான் கயிறு கட்டிக் கொடுத்து, அப்பா, சித்தப்பாகிட்ட சண்ட போட்டுறாதீங்க என்று சிரித்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். காசிமாயன் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். கருங்கடல் என்று போட்டிருந்தது.

இறங்கின பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வரிசை, முத்திரை, வெள்ளைக்கார அதிகாரியின் ஒரு கேள்வி, பிறகு பெட்டிகள் வரும் கூடம். கறுப்பு பெல்ட் வளைந்து வளைந்து ஓடியது. திருச்சி அம்மாள் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்வருகிறேன் என்றாள். காசிமாயன் சுவரோரம் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்தார். பன்னிரண்டு பத்து. போன் அடித்தது. "அண்ணே, எறங்கிட்டியா? வெளிய கம்பிகிட்டதான் நிக்கிறேன்" என்றான் ஜெயக்கொடி. "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லி வைத்தார். இதைச் சொல்ல இரண்டு வருஷம் காத்திருந்தார். சொன்னதும் வெல்லம் கரையும் என்று பார்த்தால் வாயில் அந்த ரொட்டிதான் இருந்தது. மஞ்சள் கயிறு கட்டின பை பெல்ட்டில் வந்தது, இவரைத் தாண்டிப் போனது, ரப்பர்த் தோரணத்துக்குள் நுழைந்து மறைந்தது, மறுபடி வந்தது. ஒரு சுற்றுக்கு நான்கு நிமிஷம். பழக்கம், நேரம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆறு சுற்று. ஒன்பது சுற்று. மற்றவர்களின் பெட்டியெல்லாம் போய் அந்தப் பை மட்டும் தனியாகச் சுற்றியது. தனியாகப் போகிற ஒன்றை இப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பினார், மறுபடி பார்த்தார். பதினைந்தாம் சுற்றில் போன் அடித்தது. ஜெயக்கொடி ஏன் என்று கேட்கவில்லை. ஒண்ணும் அவசரமில்லண்ணே, மெதுவா வா, நான் நிக்கிறேன் என்றான். ஆத்திரம் அப்படியே தலைக்கேறியது. அவன் கத்த வேண்டும், கெஞ்ச வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், அதற்குத்தானே இந்த நாற்காலி.

"ஏன்டா லேட்டுன்னு கேக்க மாட்டியா?"

"கேக்க எனக்கு ஏதுண்ணே யோக்கியத."

பை தோரணத்துக்குள்ளிருந்து வந்தது. பவுனுத்தாய் கண்ணாடியைத் துடைத்த முந்தானை எதற்கோ ஞாபகம் வந்தது, கோழி கழுத்தைச் சாய்த்தது ஞாபகம் வந்தது, அவர் சொல்ல நினைத்தது ஒன்று, தொண்டையிலிருந்து வந்தது வேறு.

"பாடைல கட்டுன கோழி அவுந்து ஓடுச்சுடா. நான் பாத்தேன். பிடிச்சிருக்கலாம். பிடிக்கல."

போனில் ஏர்போர்ட்டின் இரைச்சல் மட்டும் கேட்டது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே இரைச்சல். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது.

"தெரியும்ணே" என்றான் ஜெயக்கொடி. "வாய்க்கால்ல திரும்பிப் பாத்தேன். நீ என் முதுகப் பாத்த, கோழியப் பாத்த. எனக்குத்தான் விடுறன்னு தெரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏன்டா வாயத் தொறக்கல?"

"செஞ்சதுக்கு வரட்டும்னு இருந்துட்டேன். எனக்குத்தான் வரும்னு நெனச்சேன்ணே. மதினிக்குப் போகும்னு தெரியாது."

காசிமாயன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். இரண்டு வருஷமாக அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவருக்கு, அவன் என்றைக்கோ கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான் என்பதும், இவர் வீசியது அவனைத் தாண்டி அவள் மேல் விழுந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்பதும் ஒன்றன் பின் ஒன்றாக உறைத்தது. கோபம் போகவில்லை. போக இடமில்லாமல் நெஞ்சிலேயே நின்றது, சிமிழுக்குப் பக்கத்தில். எழுந்தார். பதினோரு மணி நேரம் மடக்கின கால் மரத்துப்போயிருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, தட்டுத் தடுமாறிப் பெல்ட்டை நெருங்கிக் கையை நீட்டினார். பை விரலில் பட்டு நழுவி முன்னால் போய்விட்டது. அண்ணே, இருக்கியா என்று போனில் குரல் வந்தது.

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். பை மறுபடி சுற்றி வர நான்கு நிமிஷம் ஆகும். அந்த நான்கு நிமிஷமும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் தம்பியும் வைக்கவில்லை.